பன்னிரு விரற்கிடை: ஒரு சொல்லின் வரலாறு

இரைப்பையை அடுத்துத் தொடங்கும் குடற்பகுதியை மேனாட்டு மருத்துவ நூலார் டுவோடீனம் என்பர். நம் பாடநூல்கள் முன்சிறுகுடல் என்கின்றன. ஒரு கலைச்சொல் மொழிவிட்டு மொழி செல்லுங்கால் பெறுவதும் இழப்பதும் யாவை என்பதற்கு இச்சொல்லின் வரலாறு தக்க சான்றாகும்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டளவில் அலெக்சாந்திரியாவில் மனித உடலை அறுத்தாய்ந்த கிரேக்க மருத்துவர் எரோபிலசு, இப்பகுதி பன்னிரு விரற்கிடை நீளமுடையதெனக் கண்டு, அவ்வளவையே பெயராக்கினார். அவர் நூல்கள் அழிந்தன. செய்தியைக் காத்தவர் கலென். அறபு மருத்துவர் பன்னிரண்டு என்னும் பொருள்படவே தம் மொழியிற் பெயரமைத்தனர். 1037இல் மறைந்த இப்னு சீனாவின் மருத்துவப் பெருநூலைத் தொலேதோ நகரில் இலத்தீனாக்கியவர், 1187இல் மறைந்த கிரெமோனா ஊரினரான ஜெராட். அவர் வழியாக, ‘பன்னிரு விரல்களினது’ என்னும் பொருளுடைய தொடர் இலத்தீனில் நிலைபெற்றது. காலப்போக்கில் விரலைக் குறித்த சொல் மறைய, எண் மட்டும் எஞ்சிற்று.

இனி, எஞ்சிய சொல்லைப் பகுத்து நோக்குவோம். டுவொ என்பது இரண்டு. டேனி என்பது தமிழிற் பப்பத்து என்பது போன்ற பகிர்வெண். ஈற்றிலுள்ள ‘உம்’ ஆறாம் வேற்றுமைப் பன்மையுருபு. விரலைக் குறித்த சொல் நீங்கியபின் அவ்வுருபு ஒருமை விகுதியென மயங்கப்பட்டது. ஆங்கிலத்தார் டுவோடீனா எனப் பன்மை கூறுவது இம்மயக்கத்தின் விளைவே.

ஓசையும் இவ்வாறே. டு–ஒ–டே–னும் என நான்கு அசைகள். ஈற்றயல் அசை நெடிலாயின் அழுத்தம் அதன்மேல் விழும் என்பது இலத்தீன் விதி. ஆகவே ‘டே’ அழுத்தம் பெறும். ஆங்கிலத்திலோ இரண்டாம் அசையை அழுத்தும் வழக்கும் உண்டு. அப்போது நெடில் குறுகுகிறது. இரண்டுக்கும் பத்துக்கும் இடைப்பட்ட எல்லை செவிக்குப் புலப்படாது போகின்றது.

கிரேக்கம், அறபு, இலத்தீன் மூன்றும் பொருளைக் கைமாற்றின. ஆங்கிலம் ஓசையை மட்டும் பெற்றது. ஜெர்மானியர் இன்றும் ‘பன்னிருவிரற்குடல்’ என்றே கூறுவர். தமிழ்ச்சொல் பழைய அளவை விடுத்து, உறுப்பின் இடத்தைச் சுட்டுகிறது. இதனை இழப்பெனக் கொள்ள வேண்டியதில்லை. ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் எனப்படும் நீளம் ஆளுக்காள் சிறிது வேறுபடும், இடம் வேறுபடாது. சொல்லின் உறுப்புகளே உடலுறுப்பை உணர்த்துமாயின், கற்பவன் பொருளறியாது ஓசையை மனனஞ் செய்ய வேண்டியதில்லை. கலைச்சொல்லாக்கத்தில் நாம் பேண வேண்டிய நெறி இதுவே.