பகலை எண்ணாத கோதுமை

வடநாட்டில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் அரிசியோடு கோதுமையும் இடம்பெற்று நெடுநாளாகிறது. அக்கோதுமை கடந்து வந்த வழியோ நாம் கடந்ததினும் நெடியது.

கோதுமை இயல்பாகப் பகல் நீளும் பருவங்கண்டு பூக்கும் பயிர். செடிகள் பூக்கும் காலத்தைப் பகற்பொழுதின் நீளம் ஆளுகிறது என்பதை 1920-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னர், அல்லார்டு என்னும் இருவர் புகையிலையையும் சோயாவையும் கொண்டு விளக்கிக் காட்டினர். குளிர் மிகுந்த ஐரோப்பாவில் இக்குணம் நன்மையே. ஆனால் பஞ்சாபில் நவம்பரில் விதைத்த பயிர், பகல் நீளட்டும் என்று காத்திருந்தால், கோடையின் அனற்காற்றில் மணி சுருங்கிப்போகும்.

1940-களில் நார்மன் போர்லாக் மெக்சிகோவில் துருநோயைத் தாங்கும் கோதுமையைத் தேடினார். ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்பது அவருக்குப் போதவில்லை. ஆகவே குளிர்காலத்தில் தாழ்நிலமாகிய சொனோராவிலும், கோடையில் ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்திலுள்ள தொலூக்காவிலும் மாறி மாறிப் பயிரிட எண்ணினார். பயிர் விளையவேண்டிய நிலத்திலேயே அதன் விதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அக்கால நூல்நெறி. மேலதிகாரி மறுத்தார், போர்லாக் பதவியையே துறக்க முற்பட்டார். இறுதியில் அவர் எண்ணமே நின்றது. ஈரிடத்திலும் உரிய காலத்தில் பூத்து மணிபிடித்த செடிகளே எஞ்சின. அவை பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாதவை. இதனை அவர் நாடிச் செய்தாரல்லர். நாடியது விரைவு, இது உடன் கிடைத்தது.

கும்பகோணத்தில் பிறந்து டில்லியில் பணியாற்றிய எம். எஸ். சுவாமிநாதன் முதலியோர் முயற்சியால் 1963-இல் போர்லாக் இந்தியா வந்தார். 1966-இல் 18,000 டன் மெக்சிகோ விதை தருவிக்கப்பட்டது. 1964-65-இல் 1 கோடியே 23 இலட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1967-68-இல் 1 கோடியே 65 இலட்சமாயிற்று. களஞ்சியம் போதாமல் பள்ளிக்கூடங்களிலும் தானியத்தைச் சேர்த்துவைத்தனர்.

புகழெல்லாம் குட்டைத் தாளுக்கே போயிற்று. உரமிட்ட பயிர் சாயாமல் நின்றது அதனாலேதான்; மறுப்பாரில்லை. ஆயினும், உரிய நாளில் பூக்காத பயிர் குட்டையாயிருந்துதான் என்ன பயன்?

பூக்கும் நாளை மாற்றிய மரபணுவின் உட்கூறு 2007-இல்தான் தெளிவாயிற்று. பிபிடி-டி1 என்பது அதன் பெயர். அதன் முகப்பில் 2,089 எழுத்துகள் உதிர்ந்துபோயிருந்தன. அவை இருந்தால், பகல் குறுகிய நாட்களில் பூக்கும் ஆணை பிறப்பதில்லை. உதிர்ந்தபின், பகல் நீளுமுன்பே அது இலையில் பிறந்து குருத்தைச் சேர்கிறது. ஜப்பானின் அகாகொமுகி என்னும் கோதுமையில் இருந்த அக்குறை, ஸ்திராம்பெல்லி செய்த கலப்பினால் இத்தாலியின் மென்தானா இனத்தை அடைந்தது. அதன்வழி மெக்சிகோவுக்கும், அங்கிருந்து பஞ்சாபின் வயல்களுக்கும் வந்து சேர்ந்தது.