கோலிவாடாவின் மீன் விருந்து

ஒரு நகரத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் அதன் கோட்டைகளையும் மாளிகைகளையும் காணச் செல்வது வழக்கம். மும்பையைப் பொறுத்தவரை அவ்வழி நம்மைப் பாதித் தூரமே கொண்டு செல்லும். கோட்டை கட்டியோர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அங்கே வலை உலர்த்தியோர் வாழ்ந்தனர். கோலி எனப்படும் அம்மீனவ மக்களின் வரலாற்றை அறிந்துகொள்ள, கைப்பொருள் குறைந்த பிரயாணிக்கும் ஏற்ற வாயில் ஒன்று உண்டு. வர்சோவா முதலிய கோலிவாடாக்களில், அதாவது கோலிகளின் குடியிருப்புகளில், அண்மைக் காலத்தில் தோன்றியுள்ள கடலுணவுத் திருவிழாவே அது.

இன்றைய தென்மும்பை ஒரு காலத்தில் ஏழு தீவுகளாகப் பிரிந்து கிடந்தது. கோலிகளின் தெய்வமாகிய மும்பாதேவியின் பெயரே நகருக்கு வாய்த்தது என்பர். 1534-இல் குஜராத் சுல்தான் பகதூர் ஷா, வசை உடன்படிக்கையின்படி இப்பகுதியைப் போர்த்துகீசியருக்கு அளித்தார். 1661-இல் போர்த்துகீசிய இளவரசி கேத்தரீனுக்கும் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்கும் திருமண ஒப்பந்தம் நிகழ்ந்தபோது, பம்பாய் சீதனமாயிற்று. 1668-இல் மன்னர் அதனை ஆண்டுக்கு 10 பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் ஒப்படைத்தார். சுல்தானும் மன்னரும் கம்பெனியாரும் மாற்றிக்கொண்ட இப்பத்திரங்கள் எதிலும் கோலிகளின் கைச்சாத்து இல்லை.

பின்னர்த் தீவுகளுக்கிடையே இருந்த நீர்ப்பரப்புகள் தூர்க்கப்பட்டன; கடல் விலகியது; நகரம் பெருகியது. 1875-இல் சசூன் குடும்பத்தார் கொலாபாவில் ஒரு கப்பல்துறை அமைத்தனர். அது பருத்தி வாணிகத்தின் பொருட்டு எழுந்தது. இன்று அத்துறை மீனுக்கே பெயர் பெற்றது. அங்கே விடியற்காலையில் கூடை கூடையாக ஏலம் நடைபெறும். ஆடவர் கடலுக்குச் செல்ல, மீனை விற்பதும் வரவு செலவைக் கவனிப்பதும் பெண்டிரின் பொறுப்பாக இருப்பது கோலிகளின் பழைய ஏற்பாடு.

அவர்களுடைய ஆண்டுக் கணக்கையும் கடலே வகுக்கிறது. மழைக்காலம் மீன் இனம் பெருகும் பருவமாதலால், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் இயந்திரப் படகுகளுக்குத் தடையுண்டு. ஆவணி அவிட்டம் நிகழும் பௌர்ணமியன்று கோலிகள் நாரளி பூர்ணிமை கொண்டாடுகின்றனர். அன்று கடலுக்குத் தேங்காய் அர்ப்பணித்து, சீற்றம் தணிந்து வழிவிட வேண்டுமென வேண்டுவர். அது கடலை நோக்கிய விழா. உணவுத் திருவிழாவோ நகரத்தாரை நோக்கியது.

வர்சோவாவுக்குச் செல்வதற்குப் பெருஞ்செலவு இல்லை. புறநகர் ரயிலில் இரண்டாம் வகுப்பில் அந்தேரி சென்று, 2014 முதல் ஓடும் மெட்ரோவில் ஏறினால் வர்சோவா நிலையம் வரும். விழாவில் நாம் கண்டது, அவ்வூர்ப் பெண்டிரே சமைத்து விற்ற விருந்து. சுரமை என்னும் வஞ்சிரமும் வாவலும் விலை மிகுந்தவை. சிக்கனம் வேண்டுவோர் பொம்பீலை நாடலாம். ஆங்கிலேயர் ஏனோ வாத்து என்று பெயர் சூட்டிய மீன் இதுவே. அரிசி மாவு பாக்ரியும் பொம்பீல் வறுவலும் ஒருவேளை உணவுக்குப் போதும். நால்வர் நான்கு வகை வாங்கிப் பகிர்ந்துகொண்டால், சிறு செலவில் பல சுவை காணலாம். மூங்கில் சட்டங்களில் ஒன்றன் வாயில் ஒன்றைக் கோத்து உலர்த்தும் பொம்பீல் கருவாட்டை ஊருக்கும் எடுத்துச் செல்லலாம்.

இவ்விருந்தை வேடிக்கை என்று மட்டும் கருதுவது பொருந்தாது. இடைத்தரகர் இன்றிச் சமைத்தவர் கைக்கே பணம் சேர்கிறது. அதற்கு மேலாக, நாங்கள் இன்னும் இக்கரையில் இருக்கிறோம் என்று அவர்கள் நகரத்தாருக்கு அறிவிக்கும் முறையாகவும் இதனைக் கொள்ளலாம். கோலிவாடாக்களின் எல்லையை அளந்து உரிமையை வரையறுக்கும் பிரச்சினை இன்னும் முற்றத் தீர்ந்தபாடில்லை. வர்ளியில் கடற்கரைச் சாலைக்கெனப் பாலம் எழுந்தபோது, 60 மீட்டர் இடைவெளியில் தங்கள் படகுகள் பத்திரமாகச் செல்ல இயலாது என்று மீனவர் வாதாடினர். 2022 இறுதியில் ஒரு தூணைக் கைவிட்டு, இடைவெளியை 120 மீட்டராக்க அரசாங்கம் இசைந்தது. பழைய பத்திரங்களில் இடம் பெறாதவர்களின் சொல், ஒரு பாலத்தின் வரைபடத்தை மாற்றியது.

மும்பையில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இதில் தனிப்பட்ட தொடர்பும் உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்தோர் குடியேறிய தாராவி, அதற்கு முன்பே மாஹிம் கழியோரத்தில் அமைந்த கோலிவாடா. நாம் வீடு அமைத்துக்கொண்ட நிலத்தில் முன்னரே அடுப்பு மூட்டியவர்கள் அவர்கள். நெய்தல் நிலத்தின் அருமையறிந்த மரபில் வந்த நாம், விழாக் காலத்தில் ஒரு மாலை அங்கே சென்று, விலை கேட்டு வாங்கியுண்டு, சமைத்த கையினரோடு நான்கு வார்த்தை பேசி வருவது தக்கதாகும். குடியேறியோர் மண்ணுக்குரியோரை அறிந்து பாராட்டுவதற்கு இதனினும் எளிய வழி வேறு இல்லை.