நீலக்கல் ஒத்ததிர்விகளில் காந்த அயனிகள்

நீலக்கல் (சபையர்) என்பது அலுமினியம் ஆக்சைடின் ஒற்றைப் படிகமாகும். நுண்ணலைகளை மிகக் குறைந்த இழப்புடன் தேக்கி வைக்கும் ஒத்ததிர்விகள் இதனால் செய்யப்படுகின்றன. எவ்வளவு தூய்மையாக வளர்த்தாலும் குரோமியம், இரும்பு போன்றவற்றின் காந்த அயனிகள் இதில் சிறிதளவு தங்கிவிடுகின்றன. இந்த அயனிகள் ஒரு காலத்தில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டன. பின்னர் மாசாகக் கருதப்பட்ட அவையே மிகத் துல்லியமான அலையியற்றிகளுக்குத் துணையாயின.

மாணிக்க மேசர்

1956-இல் நிக்கோலாசு புளூம்பெர்கன், மூன்று ஆற்றல் மட்டங்களைக் கொண்டு இயங்கும் திண்ம மேசரை முன்மொழிந்தார். 1958-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணிக்கத்தைக் கொண்டு மேசர் உருவாக்கப்பட்டது. மாணிக்கம் என்பது குரோமியம் கலந்த அலுமினியம் ஆக்சைடே. வெளியிலிருந்து செலுத்தப்படும் நுண்ணலை, குரோமியம் அயனிகளை மேல் மட்டத்திற்கு ஏற்றுகிறது. அவை கீழிறங்கும்போது மெல்லிய குறிகையைப் பெருக்குகின்றன. 1964-இல் பென்சியாசும் வில்சனும் அண்ட நுண்ணலைப் பின்புலக் கதிர்வீச்சைக் கண்டறிந்த கருவியிலும், திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்ட மாணிக்க மேசர் இருந்தது.

மாசினால் கிடைத்த நிலைப்பு

அலையியற்றிகளுக்குத் தூய நீலக்கல்லே தேவைப்பட்டது. நீலக்கல் உருளையின் விளிம்பை ஒட்டி நுண்ணலை சுற்றி வருகிறது. இலண்டன் புனித பவுல் பேராலயத்தின் வட்டச் சுவரை ஒட்டி மெல்லிய பேச்சொலி பரவுவதைப் போன்றது இது. திரவ ஹீலிய வெப்பநிலையில் இவ்வொத்ததிர்வியின் தரக்காரணி நூறு கோடியை எட்டும். ஆயினும் வெப்பநிலை சற்று மாறினாலும் அதிர்வெண் நகர்ந்துவிடும்.

இங்குதான் அயனிகள் உதவுகின்றன. குளிரும்போது படிகத்தின் மின்காப்பு மாறிலி குறைவதால் அதிர்வெண் உயர்கிறது. அதே வேளையில் அயனிகளின் காந்த ஏற்புத்திறன் வெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் கூடுகிறது. அயனிகளின் ஒத்ததிர்வை விடக் குறைந்த அதிர்வெண்ணில் இயங்கும் அலையை இது கீழ்நோக்கி இழுக்கிறது. சில கெல்வின் வெப்பநிலையில் இவ்விரு விளைவுகளும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. அந்தப் புள்ளியில் சிறிய வெப்ப மாற்றம் அதிர்வெண்ணைப் பெரிதும் பாதிப்பதில்லை. 1990களில் மேற்கு ஆத்திரேலியப் பல்கலைக்கழகத்தில் இம்முறையில் அமைக்கப்பட்ட அலையியற்றிகள், பாரிசில் சீசியம் நீரூற்றுக் கடிகாரங்களை இயக்கவும் பயன்பட்டன.

மீண்டும் மேசர்

2005-இல் பிரெஞ்சு, ஆத்திரேலிய, பிரித்தானிய ஆய்வாளர்கள் இத்தகைய நீலக்கல் ஒத்ததிர்வியை 31.3 கிகாஹெர்ட்சு நுண்ணலையால் தூண்டினர். எஞ்சியிருந்த இரும்பு அயனிகள் 12.04 கிகாஹெர்ட்சில் மேசராக இயங்கின. மாணிக்கத்தில் குரோமியம் செய்த வேலையை, நீக்க முடியாத மாசாகத் தங்கியிருந்த இரும்பு இங்கு செய்தது.