பதினோராவது மாடியில் ஒரு திண்ணை

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. இப்ப எழுத உக்காந்ததுக்குக் காரணம் அம்மா.

எங்க ஊர் பண்டசோழநல்லூர். வீட்டு முன்னாடி திண்ணை உண்டு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல அம்மா அங்கதான். யார் எந்த பஸ்ல எறங்கினாங்க, யார் வீட்ல விசேஷம், எல்லாம் அத்துப்படி. தம்பி சென்னையில பதினோராவது மாடியில பிளாட் வாங்கியிருக்கான். ஊர் வீட்டை வித்துட்டு எங்கூட வந்துடும்மான்னு ஆறு மாசமா கேக்கறான். அம்மா கேட்டது ஒரே கேள்வி.

"அங்க நான் எங்கடா உக்கார்றது?"

"நல்ல சோபாவா வாங்கிடலாம்மா"ன்னான் அவன் :-)

ஆனா அந்தக் கேள்வி என்னை விடலை. மாடி மேல மாடி கட்டினவங்க யாராவது இதை யோசிச்சிருக்காங்களான்னு தேட ஆரம்பிச்சேன். முதல் பதில் நம்ம பாண்டியிலேயே இருந்தது.

அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டா' விடுதியைப் பாத்திருப்பீங்க. பாத்திருந்தாலும் கவனிச்சிருக்க மாட்டீங்க, மதிலுக்குப் பின்னாடி அவ்வளவு அடக்கமா நிக்குது. வரைந்தவர் அன்டோனின் ரேமண்ட். செக் நாட்டில் பிறந்து, ஃபிராங்க் லாய்ட் ரைட்டிடம் வேலை பார்த்து, ஜப்பானில் தங்கிவிட்டவர். அவருடைய டோக்கியோ அலுவலகத்திலிருந்து ஜார்ஜ் நகாஷிமா 1937-இல் பாண்டிக்கு வந்து 1939 வரை தங்கி வேலை பார்த்தார். பின்னாளில் அமெரிக்காவில் மரச்சாமான்கள் செய்து உலகப் புகழ் பெற்ற அதே நகாஷிமாதான். அவரோடு செக் நாட்டுக்காரரான ஃபிரான்டிசெக் சாமர். இவர் லெ கார்பூசியரிடம் வேலை பார்த்தவர். பணம் வந்தது ஹைதராபாத் நிஜாமிடமிருந்து. அதனாலதான் கோல்கொண்டான்னு பேர்.

மூணு மாடிதான். ஆனா இந்தியாவில் கான்கிரீட்டில் எழுந்த முதல் நவீனக் கட்டடங்களில் ஒன்று. நீளவாக்கு முகங்கள் வடக்கையும் தெற்கையும் பாத்திருக்கு. அந்த முகங்களில் சுவரே கிடையாது. தரையிலேர்ந்து மேல வரைக்கும் படுக்கைவாட்டில் சிமெண்ட் பலகைகள், திருப்பித் திருப்பி வைக்கலாம். வெயில் வந்தா சாத்து, காத்து வந்தா தெற. தெற்கே அறைகள், வடக்கே வராந்தா, நடுவில் தேக்குச் சட்டங்கள் கோத்த நகர்த்துக் கதவு. கதவைச் சாத்தினாலும் காத்து நிக்காது. கூரையில் கான்கிரீட் தளத்துக்கு மேல வளைஞ்ச ஓடு மாதிரி இன்னொரு அடுக்கு, நடுவுல காத்து போக இடைவெளி. மேல் ஓடு சூடாகும், கீழே இருக்கறவருக்குச் சூடு எறங்காது. இதெல்லாம் ஏசி இல்லாத காலத்து யோசனை!

உடம்புக்கு வேண்டியதை கோல்கொண்டா யோசிச்சிடுச்சு. ஆனா அது தனித்தனியா, அமைதியா இருக்க வந்தவங்களுக்கான வீடு. எங்கம்மாவுக்கு அமைதி வேணாம், வம்பு வேணும் :-)

அதுக்குப் பதில் சிங்கப்பூர்ல இருந்தது. அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) 1960-இல் துவங்கியது. 1961 மே மாதம் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி தீப்பிடித்து சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். எரிந்த இடத்திலேயே அடுக்குமாடிகள் எழுந்தன. முதலில் வேகம்தான் முக்கியம், மத்ததெல்லாம் அப்புறம்னு கட்டினாங்க. ஆனா கட்டிட்டு விட்டுடலை. 1970-களில் கட்டடங்களின் கீழ்த்தளத்தைக் காலியா விடறது வழக்கமாச்சு. 'வாய்ட் டெக்'னு பேர். அங்கதான் மலாய்க் கல்யாணம், அங்கதான் சீனர் வீட்டுச் சாவு, பெருசுங்க சதுரங்கம் ஆடறதும் அங்கதான். யோசிச்சுப் பாத்தா அது மொத்த பில்டிங்குக்கும் ஒரே திண்ணை.

இன்னொன்னும் சொல்லணும். பழைய பிளாக்குகளில் செலவைக் குறைக்க லிப்டு சில மாடிகளில் மட்டும்தான் நிக்கும். மத்தவங்க படியேறணும். குடிவந்த இளசுகள் கிழவர்களானதும் தப்பு தெரிஞ்சது. 2001-இல் ஒரு திட்டம் போட்டு, முடிஞ்ச இடத்திலெல்லாம் எல்லா மாடியிலும் நிக்கற மாதிரி மாத்த ஆரம்பிச்சாங்க. வீட்டைக் கட்டுறது பாதி வேலைதான். முப்பது வருஷம் கழிச்சு அதுல யார் எந்த வயசுல இருப்பாங்கன்னு பாக்கறது மீதி.

நம்ம பக்கம்? சென்னை பெரும்பாக்கத்துல எட்டு மாடிக் கட்டடங்கள், 20,000-க்கும் மேல வீடுகள். கூவம், அடையாறு கரையிலிருந்து எடுத்த குடும்பங்கள் நெறைய பேர் அங்கதான். வீடு கெடச்சது, வேலை ஊருக்குள்ளயே நின்னுடுச்சு. அங்கே லிப்டு ஓடலைன்னு பேப்பர்ல எத்தனை முறை படிச்சிருக்கோம்! திண்ணையைப் பத்தி அப்புறம் பேசலாம், முதல்ல லிப்டு ஓடணும்.

போன மாசம் தம்பி பிளாட்டுக்குப் போய் இந்தக் கண்ணோட சுத்திப் பாத்தேன். கீழ்த்தளம் முழுக்க கார். வராந்தாவுல நாற்காலி போடக் கூடாதுன்னு அசோசியேஷன் ரூல். தீப்பிடிச்சா ஓட வழி வேணும்கறாங்க, நியாயம்தான். ஆனா லிப்டுக்கு எதிர்ல, கார் நிறுத்த முடியாத ஒரு மூலை சும்மா கெடந்தது. நல்ல காத்து. போறவங்க வர்றவங்க எல்லாரும் அதைத் தாண்டித்தான் ஆகணும். அங்க நாலு பேர் உக்கார ஒரு பெஞ்சு போடச் சொல்லி அசோசியேஷனுக்குத் தம்பியை விட்டே லெட்டர் எழுத வெச்சேன். இன்னும் பதில் வரலை.

அம்மா கிட்ட சொன்னேன். "பெஞ்சு வந்ததும் வரேன். மூணு மாசம் இருந்து பாக்கறேன். அதுவரைக்கும் வீட்டை விக்கிற பேச்சை எடுக்கக் கூடாது"ன்னாங்க.

அடுக்குமாடியில இருக்கற மக்களே, உங்க பில்டிங்ல பெருசுங்க எங்க உக்கார்றாங்க? ஒரு தடவை கீழ எறங்கிப் பாத்துட்டுச் சொல்லுங்களேன்.