எவர் சொல் சான்றாகும்? 1916 நியூ ஜெர்சி சுறாத் தாக்குதல்களும் அறிவுலகின் தயக்கமும்

1891இல் ஹெர்மன் ஓல்ரிக்ஸ் என்ற நியூயார்க் செல்வந்தர் ஒரு பரிசை அறிவித்தார். அமெரிக்கக் கீழைக்கரையில், ஹாட்டரஸ் முனைக்கு வடக்கே, சுறா மனிதரைத் தாக்கியதற்கு ஐயமற்ற சான்று கொண்டுவருபவருக்கு 500 டாலர். யாரும் வந்து வாங்கவில்லை. கால் நூற்றாண்டு கேட்பாரற்றுக் கிடந்த அந்தப் பணமே, வடகரைச் சுறாக்கள் மனிதரைத் தீண்டுவதில்லை என்பதற்குச் சான்றாகப் படித்தவர்களிடையே புழங்கத் தொடங்கியது.

அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இயக்குநர் பிரடெரிக் லூக்கஸ் இக்கருத்துக்கு உடற்கூற்று விளக்கமும் தந்தார். ஆட்டுத் தொடையை வெட்டிப் பார்த்தவருக்கு எலும்பின் உறுதி தெரியும். ஒரே கடியில் மனிதக் காலைத் துண்டிக்கும் வலு சுறாவின் தாடைக்குக் கிடையாது என்பது அவர் வாதம். நிக்கல்ஸ், மர்ஃபி என்னும் இரு இளம் ஆய்வாளர்கள் 1916 ஏப்ரலில் லாங் தீவுச் சுறாக்களைப் பற்றி எழுதியபோதும் லூக்கஸின் கருத்தையே துணைக்கொண்டனர்.

இந்த வாதத்தில் ஒரு நழுவல் உண்டு. ஓல்ரிக்ஸின் பரிசு குறிப்பிட்ட ஒரு கரைக்கு மட்டுமானது. லூக்கஸின் எலும்புக் கணக்கோ எந்தக் கடலுக்கும் பொருந்த வேண்டியது. அப்படிப் பார்த்தால் வெப்பக் கடல்களிலிருந்து வந்த சாட்சியங்களுக்கு அவர் விடை சொல்லியிருக்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்போர் சுறாவின் வாயைக் கட்ட மந்திரக்காரரை அமர்த்தி, இருபதில் ஒரு பங்கு முத்தைக் கூலியாகக் கொடுத்தனர் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ பதிவுசெய்திருக்கிறார். கடல்கட்டி எனப்பட்ட அந்த மந்திரக்காரர் இல்லாமல் குளிப்பாளிகள் நீரில் இறங்கத் தயங்கினர் என்று 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய அதிகாரிகளும் எழுதினர். மந்திரம் பலித்ததா என்பது வேறு கேள்வி. கடலில் மூழ்கிப் பிழைத்த ஒரு சமூகம் பல நூற்றாண்டுகளாக அந்த ஆபத்துக்கு விலை கொடுத்துவந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாலுமிகளும் குளிப்பாளிகளும் சொன்னதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கியதால்தான் சான்றே இல்லை என்று சொல்ல முடிந்தது.

1916 ஜூலை 1 மாலை, நியூ ஜெர்சியின் பீச் ஹேவனில் கரையோரம் நீந்திய இளைஞர் ஒருவர் காலில் கடிபட்டு, இரத்தம் வடிந்து இறந்தார். கடற்கரைகள் மூடப்படவில்லை. கடும் வெயிலாலும், நியூயார்க்கில் இளம்பிள்ளை வாதம் பரவிக்கொண்டிருந்ததாலும் மக்கள் கடலை நாடி வந்தபடி இருந்தனர். ஜூலை 6இல் ஸ்பிரிங் லேக்கில் விடுதி ஊழியர் ஒருவர் கொல்லப்பட்டார். இரண்டு நாள் கழித்து லூக்கஸ், நிக்கல்ஸ், மர்ஃபி மூவரும் செய்தியாளர்களைச் சந்தித்து, இன்னொரு தாக்குதல் நடக்க வாய்ப்புக் குறைவு என்று ஆறுதல் கூறினர்.

ஜூலை 12இல் மாட்டவான் கழியில் நடந்தது அந்த ஆறுதலைத் தகர்த்தது. அது ஏற்றவற்றம் உள்ள குறுகிய உவர்நீர்க் கழி; சிறுவர்கள் துள்ளிக் குளிக்கும் இடம். அன்று பாலத்திலிருந்து சுறாவைப் பார்த்த ஓய்வுபெற்ற கப்பல் தலைவர் ஒருவர் ஊருக்குள் ஓடிச் சொல்லியும் எவரும் நம்பவில்லை. சற்று நேரத்தில் ஒரு சிறுவன் இழுத்துச் செல்லப்பட்டான். அவன் உடலைத் தேடி இறங்கிய இளைஞரும் கடிபட்டு இறந்தார். அரை மணி நேரத்துக்குள் கழியின் வேறோர் இடத்தில் மற்றொரு சிறுவன் காலில் கடிபட்டு உயிர்தப்பினான். கடலோடி ஒருவரின் கண்கண்ட சாட்சியம் ஊர்மக்களிடமே எடுபடாமல் போன அந்த நேரம், இந்த வரலாற்றில் மிகக் கொடியது.

இரண்டு நாள் கழித்து ராரிட்டன் விரிகுடாவில் பிடிபட்ட, ஏழரை அடி நீள வெள்ளைச் சுறாவின் வயிற்றில் மனித உடற்பகுதிகள் இருந்தன. அதன்பின் தாக்குதல் நிகழவில்லை. அக்டோபரில் நிக்கல்ஸும் மர்ஃபியும் வெள்ளைச் சுறா மனிதரைக் கொல்லக்கூடியது என்று எழுதித் தம் நிலையை மாற்றிக்கொண்டனர். ஆனால் உவர்நீரில் தடையின்றி உலவுவது காளைச் சுறா. ஆகவே மாட்டவானில் கடித்தது வேறொரு சுறா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை.

மறுப்பு தகர்ந்த இடத்தில் மிகையச்சம் புகுந்தது. கரைகளில் கம்பிவலை கட்டினர், துப்பாக்கியும் வெடியும் கொண்டு சுறாக்களை வேட்டையாடினர். பிற்பாடு சிட்னி அறுவை மருத்துவர் விக்டர் காப்பிள்சன், மனித இறைச்சிக்குப் பழகிய தனிச் சுறா ஒன்றே ஓரிடத்தில் தொடர்ந்து தாக்குகிறது என்று விளக்கினார். 1975இல் வெளிவந்த ஜாஸ் திரைப்படம் அதை உலகெங்கும் கொண்டுசென்றது. ஜாஸ் நாவலை எழுதிய பீட்டர் பெஞ்ச்லியோ பின்னாளில் சுறாக்களின் பாதுகாப்புக்காகவே குரல் கொடுத்தார்.

1958இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வு அலுவலகத்தின் ஆதரவில் பன்னாட்டுச் சுறாத் தாக்குதல் பதிவேடு உருவான பிறகே, சாட்சியங்களை ஒரே முறையில் திரட்டிச் சலிக்கும் வழக்கம் நிலைபெற்றது. தூண்டப்பட்டவை, தூண்டப்படாதவை என்று அது நிகழ்வுகளைப் பிரிக்கிறது. ஆய்வுக்கு இப்பிரிவு அவசியம்தான். ஆனால் ஆண்டுதோறும் செய்தித்தாள்களில் வரும் எண்ணிக்கை பெரும்பாலும் தூண்டப்படாத தாக்குதல்களைப் பற்றியது. வலையிலிருந்து சுறாவை விடுவிக்கும்போது கடிபடும் மீனவர் தூண்டப்பட்டவை என்ற வரிசையில் சேர்ந்து, அந்தத் தலைப்பு எண்ணுக்கு வெளியே நிற்கிறார்.