ஸ்னோவேர்ல்டு

ஸ்னோவேர்ல்டு (பனியுலகம்) என்பது தீக்காயமுற்றோரின் புண்ணைத் துப்புரவு செய்யும்போது உண்டாகும் வலியைத் தணிப்பதற்காக உருவாக்கப்பட்ட மெய்நிகர் உண்மை மென்பொருள் ஆகும். அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மனித இடைமுகத் தொழில்நுட்ப ஆய்வகத்தைச் சேர்ந்த ஹண்டர் ஹாஃப்மன், அதே நகரின் ஹார்பர்வியூ தீக்காய மையத்தில் பணியாற்றிய உளவியலாளர் டேவிட் பேட்டர்சன் ஆகியோர் 1996 இல் தொடங்கிய கூட்டாய்வின் விளைவாக இது தோன்றியது. வலி தணிப்புக்கென்றே வடிவமைக்கப்பட்ட முதல் மெய்நிகர் உலகமாக இது கருதப்படுகிறது.

தேவை

தீக்காயமுற்றவர் அசையாது படுத்திருக்கும்போது உண்டாகும் வலியை மோர்ஃபின் போன்ற அபினி வகை மருந்துகள் பெரும்பாலும் கட்டுப்படுத்திவிடும். கட்டு மாற்றும் நேரம் அவ்வாறன்று. பழைய கட்டைப் பிரித்து, இறந்த தோலை அகற்றி, புண்ணைக் கழுவி, மீண்டும் மருந்திட வேண்டும். இது பல வாரங்களுக்கு, சில வேளைகளில் நாள்தோறும், நடைபெறுகிறது. மருந்து கொடுத்த பின்னரும் பலர் இந்நேரத்தில் கடும் வலியை உணர்கின்றனர். மருந்தின் அளவை விரும்பியவாறு கூட்டவும் இயலாது. குமட்டல், மலச்சிக்கல், மயக்கநிலை ஆகியவற்றுடன் மூச்சு தாழும் இடரும் உண்டு.

வலிக்கு அஞ்சி நோயாளி கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சியைத் தவிர்த்தால், ஆறிவரும் தோல் சுருங்கி மூட்டு இறுகிவிடும். எனவே இங்கு வலி தணிப்பு என்பது ஆறுதலுக்கான ஒன்று மட்டுமன்று. கை மீண்டும் பயன்படுமா என்பதும் அதனைப் பொறுத்தது.

வரலாறு

முதற் சோதனைகளில் பயன்பட்டது ஸ்னோவேர்ல்டு அன்று, ஸ்பைடர்வேர்ல்டு எனும் மெய்நிகர் சமையலறை. சிலந்தியைக் கண்டு பேரச்சம் கொள்வோருக்காக அது முன்னரே செய்யப்பட்டிருந்தது. 2000 ஆம் ஆண்டில் 'பெயின்' ஆய்விதழில் வெளியான அறிக்கையில் 16, 17 வயதுடைய இரு நோயாளிகளின் பட்டறிவு விவரிக்கப்பட்டது. ஒட்டுத்தோலைப் பிணைத்திருந்த உலோகக் கொக்கிகளை அகற்றும்போது, அவர்கள் ஒரு பகுதி நேரம் நின்டெண்டோ விளையாட்டிலும் மறு பகுதி நேரம் மெய்நிகர் சமையலறையிலும் ஈடுபடுத்தப்பட்டனர். மெய்நிகர் உலகில் இருந்தபோது வலி வெகுவாகக் குறைந்ததாக இருவரும் தெரிவித்தனர். ஒப்பீட்டுக்கு நல்லதொரு விளையாட்டையே தேர்ந்தெடுத்தது இவ்வாய்வின் சிறப்பு எனலாம். வெறும் பொழுதுபோக்கே போதுமானதாயின் இந்த வேறுபாடு தோன்றியிராது.

இதன் பின்னரே தீக்காயத்துக்கு நேரெதிரான குளிர்ச்சூழலைக் கொண்ட ஸ்னோவேர்ல்டு வந்தது. நோயாளி பனிப் பள்ளத்தாக்கொன்றில் மிதந்து சென்றவாறே பனிமனிதர்கள் மீதும் பென்குயின்கள் மீதும் பனியுருண்டைகளை எறிகிறார்.

செயற்படும் விதம்

வலி என்பது புண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் சைகை மட்டுமன்று. அச்சைகையை மூளை எவ்வாறு ஏற்கிறது என்பதும் அதில் அடங்கும். மெல்சாக், வால் ஆகியோர் 1965 இல் முன்வைத்த வாயிற் கொள்கை இக்கருத்துக்கு வலுவூட்டியது. வலியை உணர்வதற்குக் கவனம் தேவை. மனிதனின் கவனமோ அளவுக்குட்பட்டது. கண்ணும் காதும் வேறோர் உலகில் ஆழ்ந்திருக்கையில் வலிக்கென எஞ்சும் கவனம் குறைகிறது என்பதே ஹாஃப்மன் குழுவினரின் விளக்கம். நோயாளி தன் புண்ணையும் மருத்துவரின் கருவிகளையும் காணாதிருப்பதும் இதற்கு உதவுகிறது. மெய்யுலகின் மீது படங்களைச் சேர்த்துக் காட்டும் மிகை மெய்ம்மை இதற்குப் பொருந்தாது; அது புண்ணை மறைப்பதில்லை.

இது வெறும் வாய்மொழி மதிப்பீடு தானா எனும் ஐயம் எழுவது இயல்பே. 2004 இல் உடல்நலமுள்ள எட்டுப் பேரின் பாதத்தில் வலிதரும் வெப்பத்தைச் செலுத்தி, எஃப்.எம்.ஆர்.ஐ. முறையில் அவர்களது மூளை படமெடுக்கப்பட்டது. மெய்நிகர் உலகில் இருந்தபோது, தலாமசு உள்ளிட்ட, வலியுடன் தொடர்புடைய ஐந்து மூளைப் பகுதிகளின் செயற்பாடு 50 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தது.

கருவியமைப்பு

பொறியியல் நோக்கில் சுவையான பகுதி இதுவே. புண் கழுவும் நீர்த்தொட்டியில் அமர்ந்திருப்பவரின் தலையில் மின்சாரம் பாயும் திரையை மாட்டுவது இடருடையது. ஆகவே படத்தை ஒளியிழைகள் வழியாகக் கண்ணருகே கொண்டுசெல்லும் தனித் தலையணி செய்யப்பட்டது. தொட்டியில் இருந்த 11 நோயாளிகளிடம் இதனைச் சோதித்த ஆய்வு 2008 இல் வெளியானது. தலையிலும் முகத்திலும் காயமுற்றோரால் தலையணியை அணிய முடியாது என்பதால், காட்சிக்கருவியை முகத்தருகே ஏந்தி நிற்கும் இயந்திரக்கை பயன்படுத்தப்பட்டது. போரில் தீக்காயமுற்ற அமெரிக்கப் படைவீரர்களிடம் நடந்து 2011 இல் வெளியான ஆய்வில் இம்முறையே கையாளப்பட்டது.

பார்வைப்புலம் அகலமாக இருந்தால் வலி கூடுதலாகக் குறைகிறது. எனினும் வேகமான அசைவு குமட்டலை உண்டாக்கும். ஏற்கெனவே மருந்தினால் குமட்டலுறும் நோயாளிக்கு இது பெருந்தொல்லை. இதனால் ஸ்னோவேர்ல்டில் பயணப்பாதை முன்னரே வகுக்கப்பட்டு, மெதுவாக நகருமாறு அமைக்கப்பட்டது.

வரம்புகள்

இம்முறை மருந்துக்கு மாற்றன்று, துணையே ஆகும். 2007 இல் வெளியான ஆய்வொன்றில் அபினி வகை மருந்தும் மெய்நிகர் உண்மையும் சேர்ந்தபோது, மருந்தை மட்டும் அளித்ததைவிட வலி கூடுதலாகக் குறைந்தது. மேலும், மேற்கூறிய ஆய்வுகள் பலவும் சிறிய எண்ணிக்கையினரிடம் செய்யப்பட்டவை. தான் மெய்நிகர் உலகில் இருப்பதை நோயாளி அறிவார் என்பதால், மருந்துச் சோதனைகளில் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடுவது போன்ற ஒப்பீடு இங்குக் கடினம்.

கவனத்தைத் திருப்பும் முறை, அது நிகழும் நேரத்து வலிக்கே ஏற்றது. மாதக்கணக்கில் நீடிக்கும் வலிக்கு வேறு அணுகுமுறை தேவைப்படுகிறது. 2021 நவம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் நாட்பட்ட இடுப்பு வலிக்காக ஒப்புதல் அளித்த ஈஸ்விஆர்எக்ஸ் எனும் மெய்நிகர் உண்மைக் கருவி, மூச்சுப்பயிற்சி, உடலைத் தளர்த்துதல் முதலியவற்றை எட்டு வாரங்களில் வீட்டிலிருந்தே கற்பிக்கிறது.