2016 ஐரோப்பிய மகளிர் குழிப்பந்தாட்டச் சுற்றுத்தொடர்

2016 ஐரோப்பிய மகளிர் குழிப்பந்தாட்டச் சுற்றுத்தொடர் என்பது லேடீஸ் யூரோப்பியன் டூர் அமைப்பு 2016 ஆம் ஆண்டில் நடத்திய தொழில்முறை மகளிர் கோல்ஃப் போட்டிகளின் தொகுப்பு ஆகும். இப்பருவத்தின் தகுதி வரிசைப் பட்டியலில் அமெரிக்காவின் பெத் ஆலன் முதலிடம் பெற்றார். அப்பட்டியலில் முதலிடம் பெற்ற முதல் அமெரிக்கர் இவரே. பெங்களூரைச் சேர்ந்த 18 வயது அதிதி அசோக் இரண்டு போட்டிகளில் வென்று இரண்டாம் இடத்தையும் ஆண்டின் சிறந்த புதுமுக வீராங்கனை விருதையும் பெற்றார். இச்சுற்றுத்தொடரின் போட்டி ஒன்றில் இந்தியர் ஒருவர் பட்டம் வென்றது இதுவே முதன்முறையாகும்.

சுற்றுத்தொடரின் அமைப்பு

இவ்வமைப்பு 1978 இல் பிரித்தானியாவில் தொடங்கப்பட்டது. முதல் பருவம் 1979 இல் நடைபெற்றது. பெயரில் ஐரோப்பா இருப்பினும் போட்டிகள் அக்கண்டத்துடன் நிற்பதில்லை. 2016 இல் நியூசிலாந்து, ஆத்திரேலியா, சீனா, மொரோக்கோ, இந்தியா, கத்தார், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளிலும் போட்டிகள் நடைபெற்றன.

குழிப்பந்தாட்டத்தில் குறைந்த அடிகளில் பந்தைக் குழிகளில் சேர்ப்பவரே வெற்றியாளர். 18 குழிகளை ஆடி முடிப்பது ஒரு சுற்று. ஒவ்வொரு குழிக்கும் வகுக்கப்பட்ட இலக்கு அடி எண்ணிக்கை 'பார்' எனப்படும். அதைவிட ஓர் அடி குறைவாக முடிப்பது 'பேர்டி' ஆகும். பெரும்பாலான போட்டிகள் மூன்று அல்லது நான்கு நாட்கள், நாளுக்கு ஒரு சுற்றாக நடைபெறும். தொடக்கச் சுற்றுகளின் முடிவில் குறிப்பிட்ட இடத்துக்குக் கீழே உள்ளவர்கள் நீக்கப்படுவர். நீக்கப்பட்டவர்களுக்குப் பரிசுப் பணம் கிடையாது. பயணம், தங்குமிடம், மட்டைப்பையைச் சுமந்து ஆலோசனை கூறும் கேடியின் ஊதியம் ஆகிய செலவுகளை வீராங்கனைகளே ஏற்கவேண்டும். எனவே தொடர்ந்து சில போட்டிகளில் நீக்கப்படுவது ஒரு புதுமுக வீராங்கனையின் தொழில்வாழ்வையே முடக்கிவிடக்கூடும்.

சுற்றுத்தொடரில் ஆடும் உரிமையைப் புதியவர்கள் தகுதிச் சுற்றின் வழியாகப் பெறுகின்றனர். போட்டிகளில் பெற்ற இடங்களைக் கொண்டு தகுதி வரிசைப் பட்டியல் தொகுக்கப்படுகிறது. பருவ முடிவில் இப்பட்டியலில் பெற்ற இடமே ஒருவர் அடுத்த ஆண்டு எந்தெந்தப் போட்டிகளில் ஆடலாம் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

இந்திய வீராங்கனைகளின் பின்னணி

1990களில் அமெரிக்காவின் எல்.பி.ஜி.ஏ. சுற்றுத்தொடரில் ஆடிய ஸ்மிருதி மெஹ்ரா, அயல்நாட்டுச் சுற்றுத்தொடர்களில் இடம்பெற்ற இந்தியப் பெண்களுக்கு முன்னோடி ஆவார். பெங்களூரின் சர்மிளா நிகோலே 2012 இல் ஐரோப்பியச் சுற்றுத்தொடரில் இடம்பெற்றார். இவர்களுக்குப் பின் வந்த அதிதி அசோக் 1998 மார்ச் 29 இல் பிறந்தவர். 2015 டிசம்பரில் மொரோக்கோவில் நடந்த தகுதிச் சுற்றில் 17 வயதில் முதலிடம் பெற்றார். அச்சுற்றில் முதலிடம் பெற்ற முதல் இந்தியரும் மிக இளையவரும் இவரே. 2016 தொடக்கத்தில் தொழில்முறை வீராங்கனையானார்.

பருவத்தின் முக்கிய நிகழ்வுகள்

- நியூசிலாந்து மகளிர் ஓப்பன்: அந்நாட்டின் லிடியா கோ வெற்றி.
- ஆத்திரேலிய மகளிர் ஓப்பன்: சப்பானின் ஹாரு நோமுரா வெற்றி.
- லல்லா மெரியெம் கோப்பை, மொரோக்கோ: எசுப்பானியாவின் நூரியா இதுர்ரியோஸ் வெற்றி.
- பிரித்தானிய மகளிர் ஓப்பன், வோபர்ன்: தாய்லாந்தின் ஆரியா ஜுட்டானுகான் வெற்றி.
- எவியன் போட்டி, பிரான்சு: தென்கொரியாவின் சுன் இன்-ஜி, பாரை விட 21 அடிகள் குறைவாக 263 அடிகளில் வெற்றி.
- பிரெஞ்சு மகளிர் ஓப்பன்: பெத் ஆலன் வெற்றி.
- பாத்திமா பின்த் முபாரக் ஓப்பன், அபுதாபி: பெத் ஆலன் வெற்றி.
- இந்திய மகளிர் ஓப்பன், குர்கான்: அதிதி அசோக் வெற்றி.
- கத்தார் மகளிர் ஓப்பன், தோகா: அதிதி அசோக் வெற்றி.
- துபாய் மகளிர் மாஸ்டர்ஸ்: சீனாவின் ஷான்ஷான் ஃபெங் வெற்றி.

பருவத்தின் நடுவே ஆகத்தில் ரியோ ஒலிம்பிக் நடைபெற்றது. மகளிர் குழிப்பந்தாட்டம் 1900 க்குப் பின் 116 ஆண்டுகள் கழித்து ஒலிம்பிக்கில் மீண்டும் சேர்க்கப்பட்டிருந்தது. அதிதியின் தந்தை கேடியாகச் செயற்பட்டார். முதல் இரு சுற்றுகளிலும் 68 அடிகள் எடுத்து முன்னணியினருக்கு அருகில் இருந்த அதிதி, அடுத்த இரு சுற்றுகளில் 79, 76 அடிகள் எடுத்து 41 ஆவது இடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

இந்திய மகளிர் ஓப்பன்

2007 இல் தொடங்கிய இப்போட்டி 2010 முதல் ஐரோப்பியச் சுற்றுத்தொடரிலும் இடம்பெற்றது. அதுவரை அதில் இந்தியர் எவரும் வென்றதில்லை. 2016 நவம்பர் 11 முதல் 13 வரை குர்கானின் டி.எல்.எஃப். திடலில் நடந்த போட்டியின் மொத்தப் பரிசுத் தொகை 4,00,000 அமெரிக்க டாலர். அதிதி 72, 69, 72 என மூன்று சுற்றுகளில் 213 அடிகள் எடுத்தார். இது பாரை விட மூன்று அடிகள் குறைவு. இறுதிக் குழியில் பேர்டி எடுத்து, அமெரிக்காவின் பிரிட்டனி லின்சிகம், எசுப்பானியாவின் பெலன் மோசோ ஆகியோரை ஒரே அடி வேறுபாட்டில் முந்தினார்.

இரண்டு வாரங்களுக்குள் தோகாவில் நடந்த கத்தார் ஓப்பனில், நான்கு சுற்றுகளில் 273 அடிகளுடன் மூன்று அடி வேறுபாட்டில் மீண்டும் வென்றார். சொந்த நாட்டில் பெற்ற வெற்றி பழகிய திடலின் துணையால் கிடைத்தது மட்டுமன்று என்பதை இது காட்டியது. இவ்விரு வெற்றிகளுமே அவரைத் தகுதி வரிசையில் இரண்டாம் இடத்துக்கு உயர்த்தின.

பின்விளைவுகள்

2016 பருவத்துக்குப் பின் சுற்றுத்தொடர் நெருக்கடிக்குள்ளானது. 2017 இல் பல போட்டிகள் கைவிடப்பட்டன. அவ்வாண்டு சூலையில் தலைமை நிருவாகி பதவி விலகினார். 2019 நவம்பரில் உறுப்பினர்கள் அமெரிக்காவின் எல்.பி.ஜி.ஏ. உடன் கூட்டு முயற்சிக்கு ஒப்புதல் அளித்தனர். இது 2020 இல் நடைமுறைக்கு வந்தது.

அதிதி 2017 முதல் எல்.பி.ஜி.ஏ. சுற்றுத்தொடரிலும் ஆடினார். 2017 இல் அபுதாபியிலும், 2023 இல் கென்யாவிலும் எசுப்பானியாவிலும் வென்று ஐரோப்பியச் சுற்றுத்தொடரில் மொத்தம் ஐந்து பட்டங்களைப் பெற்றார். 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓர் அடி வேறுபாட்டில் பதக்கத்தை இழந்து நான்காம் இடம் பெற்றார். ஐரோப்பியச் சுற்றுத்தொடரில் பட்டம் வென்ற இரண்டாவது இந்தியப் பெண் தீக்ஷா தாகர் ஆவார். அவர் 2019 இல் தென்னாப்பிரிக்க மகளிர் ஓப்பனை வென்றார்.